எட்டாவது இன்னிங்ஸின் கடைசி ஆள்

எங்கள் உடைமாற்றும் அறையில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் அந்தப் பட்டியலை ஒட்டுவார்கள். திங்கட்கிழமை காலையில் ஒட்டினால் அடுத்த திங்கள்வரை அங்கேயே ஈரத்தில் சுருண்டு தொங்கும். எங்கள் பேஸ்பால் லீக்கில் பந்து வீசுகிறவர்கள் அத்தனை பேரையும் சராசரிப்படி வரிசையாக அடுக்கிய தாள். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, எத்தனை ரன் கொடுத்தான் என்பதுதான் கணக்கு. கை இறுக்கமானவன் மேலே, வாரி வழங்கியவன் கீழே. யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், கௌரவக் குறைச்சல். ஆனால் திங்கட்கிழமை மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு வந்தது போல அந்தப் பக்கம் நடமாட்டம் அதிகமாக இருக்கும்.

நான் கேட்சர். வீசுகிறவனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். என் பெயர் லெஸ்டர் கின்டல் என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியவே தெரியாது. வீசினவனுக்குப் பெயர், பிடித்தவனுக்கு முட்டிவலி, அதுதான் எங்கள் தொழில் தர்மம். இருந்தும் அந்த ஆகஸ்டில் நானும் வாராவாரம் கதவுப் பக்கம் போனேன். கார்வின் ஹோலப் எங்கே இருக்கிறான் என்று பார்க்கத்தான்.

கார்வினுக்கு முப்பத்துநாலு வயது. போர்ட் எல்லிஸ் அணியில் என்னைத் தவிர எல்லோரும் அவனைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வேகமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அவன் பந்து வருவதைப் பார்த்தால் அடிக்கிறவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஓங்கிச் சுற்றுவான். பந்து கடைசி நேரத்தில் மனசு மாறி இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். அந்த வருஷம் அவன் சராசரி இரண்டுக்கும் கீழே. லீக்கில் வேறு எவனும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் அவன் பெயர் பட்டியலின் தலையில் இல்லை. வாலில்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு கிழித்து, 'தகுதி பெறாதவர்கள்' என்று நாலைந்து பெயர் போட்டிருப்பார்கள். அங்கே கிடந்தான்.

காரணம் எளிது. அணி எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறதோ அத்தனை இன்னிங்ஸ் ஒருவன் வீசியிருக்க வேண்டும். ஓர் இன்னிங்ஸ் என்றால் எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்குவது. இரண்டு பேரோடு நிறுத்தினால் முக்காலே மூணு வீசம் என்று யாரும் தயவு காட்ட மாட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்று துல்லியமாக எழுதிவிடுவார்கள். எங்கள் சீசனுக்கு நூறு ஆட்டம், ஆக நூறு இன்னிங்ஸ். கார்வினுக்கு ஜூன் மாதம் முழங்கை வீங்கி, மாதம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அந்த ஜூனைத்தான் ஆகஸ்டில் துரத்திக்கொண்டிருந்தான்.

எதற்கு இத்தனை பாடு என்றால், பெரிய லீக் அணி ஒன்று எங்கள் பட்டியலின் முதல் பெயரை மட்டும் வருஷா வருஷம் பிப்ரவரி பயிற்சி முகாமுக்குக் கூப்பிடும். ஒரே ஒரு பெயர். எங்கள் மாதிரிச் சில்லறை லீக்குக்கு ஆள் அனுப்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அனுப்பினாலும் கார்வினின் நரைத்த கிருதாவைப் பார்த்த உடனே வண்டியைத் திருப்பியிருப்பார்கள். பட்டியலுக்கு மட்டும்தான் அவன் வயது தெரியாது. வாழ்க்கையில் ஒரு நாளாவது பெரிய மைதானத்தில் நின்று வீச அவனுக்கு மிச்சம் இருந்த வழி அது ஒன்றுதான்.

அவன் மனைவி லோர்னா மே மாதமே சொல்லிவிட்டாள். நான் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன், என் காதுபடத்தான் சொன்னாள்.

"இந்த ஒரு வருஷம் கார்வின். பேரு மேல வந்துச்சுன்னா பிப்ரவரிக்கு நானே உனக்குப் பெட்டி கட்டித் தரேன். வரலேன்னா சீசன் முடிஞ்ச மறுநாள் காலையில எங்க அண்ணனோட ஜல்லிக் கெடங்குல போய் லாரி ஏறிடணும். அழக்கூடாது, அடுத்த வருஷம்னு ஆரம்பிக்கக்கூடாது."

"சரி" என்றான் கார்வின்.

"லெஸ்டர், நீ சாட்சி."

"என்னை ஏன் இழுக்கற? நான் உருளைக்கெழங்குக்கு வந்தவன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்து வீசுகிறவன் எதையாவது ஒன்றை எட்டிப் பிடிக்கிற நிலைமையில் இருந்தால், அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வாய் வைத்தால் விளங்காது. அவனும் பேசக் கூடாது. அதனால் ஆகஸ்ட் முழுக்க எங்கள் அறையில் நூறு என்ற சொல்லே புழங்கவில்லை. எல்பிடியோ என்று ஒரு பையன், டொமினிகன் நாட்டுக்காரன், மைதானத்தில் இரண்டாம் தளத்தை, அதாவது இரண்டாவது பேஸை, காக்கிறவன், வாயாடி. ஒரு நாள் பஸ்ஸில் நூறு டாலர் என்று சொல்ல வந்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு "தொண்ணூத்தொம்போதும் ஒண்ணும் டாலரு" என்றான். கார்வின் ஜன்னல் வழியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

கோச் ஓட்டிஸ் பிரெனெக்கெயும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் கையால் செய்தார். வரிசையை மாற்றிப்போட்டு, கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஆட்டத்தையும், மூன்று நாள் கழித்து சீசனின் கடைசி ஆட்டத்தையும் கார்வினுக்கே ஒதுக்கினார். வீங்கிய முழங்கைக்கு மூன்று நாள் ஓய்வு என்பது குதிரைக்குக் கொள்ளு காட்டி அடிப்பது போலத்தான். ஆனால் வேறு வழியில்லை. ஓட்டிஸ் நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது.

அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. எங்கள் மைதானத்தில் வழக்கமாகப் பாதி இருக்கை காலியாக இருக்கும். அன்று ஏரிப்பக்கத்து வேலியோரம்கூட ஆட்கள். தகர அடுப்பில் பன்றி சாசேஜ் கருகும் வாசனை என் முகக்கம்பிக்குள் நுழைந்து பசியைக் கிளப்பியது. கார்வினோ தறி ஓட்டுகிறவன் போல அலட்டாமல் வீசிக்கொண்டிருந்தான். நான் கையுறையை எங்கே காட்டுகிறேனோ அங்கே பந்து வந்து உட்கார்ந்தது. ஏழு இன்னிங்ஸ் முடிந்தது. எட்டாவதில் இரண்டு பேர் அவுட். நாங்கள் ஆறு ரன் முன்னால். அடுத்து வந்தவன் அவர்கள் வரிசையிலேயே சோப்ளாங்கி, அந்த வாரம் பூராவும் மட்டையில் பந்து படாதவன்.

அப்போது ஓட்டிஸ் வெளியே வந்தார். மெதுவாக, தொப்பையை முன்னே விட்டுக்கொண்டு, கோடு போட்ட இடத்தை மிதிக்காமல் தாண்டி, பந்து வீசுகிற மேட்டுக்கு நடந்தார். நானும் முகமூடியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கார்வின் பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். "என்ன ஓட்டிஸ்? எனக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"அப்புறம்? இன்னும் ஒரு ஆள்தான. முடிச்சுட்டு வரேன்."

"முடிச்சுட்டு வந்தா எல்லாரோடயும் சேந்து கூட்டத்தோட கூட்டமா உள்ள ஓடுவ. எவன் பாப்பான் உன்னை? இப்ப பந்தைக் குடுத்துட்டுத் தனியா நட. ஊரு எந்திரிச்சு நிக்கட்டும். லோர்னா பாக்கட்டும்."

எங்கள் ஆட்டத்தில் ஒருவனுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது. இன்னிங்ஸ் நடுவில் ஆளை மாற்றினால் அவன் அந்தப் புல்தரையைத் தன்னந்தனியாகக் கடந்து வர வேண்டும், பார்க்கிறவர்கள் எழுந்து நின்று தட்டுவார்கள். ஓய்வு பெறப் போகிறவனுக்கு, ஊரின் செல்லப்பிள்ளைக்கு, வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். மறுத்தால் கோச்சை அவமதித்த மாதிரி.

கார்வின் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. இன்னிங்ஸை முழுசாக முடிக்கிறேன், எனக்கு எண்ணிக்கை வேண்டும் என்று சொல்ல நினைத்தான். சொல்லக் கூடாத விஷயம் அது. நானும் சொல்லக் கூடாது. நூறை நிரப்பத் திங்கட்கிழமை இருக்கிறதே, மூன்று பேரை எடுக்க வேண்டிய இடத்தில் நாலு பேரை எடுத்துவிட்டால் போயிற்று என்றுதான் அந்த மேட்டில் நின்ற மூன்று பேருமே கணக்குப் போட்டோம். ஒரு ஆள், இங்கே எடுத்தால் என்ன, அங்கே எடுத்தால் என்ன?

பந்தை ஓட்டிஸ் கையில் வைத்தான். நடந்தான்.

மொத்த மைதானமும் எழுந்தது. தட்டினார்கள் என்று சொன்னால் போதாது, மரப்பலகைகளை மிதித்து அதிர வைத்தார்கள். சாசேஜ் விற்கிறவன் இடுக்கியைத் தலைக்கு மேல் ஆட்டினான். லோர்னா முதல் வரிசையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனை நம்பி ஊர் ஊராக மூட்டை கட்டியது வீண் இல்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. கார்வின் தொப்பியைக் கழற்றி ஒரு தரம் உயர்த்தினான். எனக்கும் கண் கலங்கியது. முகமூடியைச் சட்டென்று இழுத்து விட்டுக்கொண்டேன்.

மாற்று ஆள் வந்து முதல் பந்திலேயே அந்தச் சோப்ளாங்கியை அவுட் ஆக்கினான். அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை ஹாலோவேயில் ஆட்டம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பட்டியலில் முதலில் இருந்த டேவன் ரக்கர் ஹாலோவே அணிக்காரன்தான். இருபத்துமூன்று வயது, காளை. அவன் கணக்கு ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டதால், அன்று வேலையில்லாமல் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தான். வானம் காலையிலிருந்தே ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் கார்வினை வீச வைத்துப் பிடித்துப் பார்த்தேன். பந்து என் கையுறையில் விழும்போது ஒரு சத்தம் வரும், அது வரவில்லை. வைக்கோல் மூட்டையில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"பொய் சொல்லாதடா. காலையில சட்டப் பட்டனை யாரு போட்டா? லோர்னாதான?"

"குளிர்காலம் பூரா சும்மா கெடக்கப் போவுது லெஸ். பிப்ரவரிக்குள்ள சரியாயிடும். இன்னிக்கு மட்டும் ஓட்டணும்." கொஞ்சம் நிறுத்தி, "வேகமா காட்டாத. வளையறதையே காட்டு" என்றான்.

முதல் இன்னிங்ஸில் மூன்று பேரையும் எடுத்தான். எப்படி எடுத்தான் என்று கேட்டால் அவர்களின் அவசரத்தை வைத்து எடுத்தான் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவன் கை தொடைமேல் விழுந்து அங்கேயே கிடந்தது. இரண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கும்போது தூறல். முதல் ஆள் விடாமல் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டித் தட்டி உயிரை வாங்கினான். கார்வினின் உதடு வெளுத்துவிட்டது. கடைசியில் ஒன்று வந்தது. இடுப்பு உயரத்தில், தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல. அவன் வெறியோடு மட்டையை வீசினான். பந்து அவன் மட்டைக்குக் கீழே இறங்கி என் கைக்கு வந்தது.

கடைசி வாய்ப்பையும் தவறவிட்டான், அவுட். நாலாவது ஆள். நூறு முடிந்தது.

அதற்கப்புறம் வாய்க்கட்டு ஏது? எல்பிடியோ இரண்டாம் தளத்திலிருந்து ஓடி வந்து அவன் கழுத்தில் தொங்கினான். "நூறு! நூறு! நூறு! தாத்தா, ஒரு மாசமா இந்த வார்த்தைய தொண்டையிலேயே வச்சிருந்தேன், புண்ணாயிடுச்சு!"

"யோவ் விடுடா, கை, கை!" என்று கார்வின் கத்தினான். ஆனால் சிரித்தான். அவன் வாய் அகலச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் ஊர் வானொலிக்காரன் மேலே கூண்டுக்குள் நின்று மைக்கில் அலறிக்கொண்டிருந்தது கீழே எங்களுக்கே கேட்டது. ஓட்டிஸ் மாற்று ஆளை அனுப்பினார். கார்வின் உள்ளே போய் ஐஸ் வாளிக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்ப் பெஞ்சில் ரக்கர் எழுந்து அவனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். தோற்றதை ஒத்துக்கொள்கிற நல்ல பையன்.

நாலாவது இன்னிங்ஸில் மழை கொட்டியது. ஊசித் தூறலில்லை, வாளி வாளியாக. அம்பயர் க்ளைட் கையைத் தூக்கி எங்களை உள்ளே போகச் சொன்னார். மைதானக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து வந்து மூடுவதற்குள் மேடு கரைந்து சாக்கடையாக ஓடியது.

வெகு நேரம் காத்திருந்தோம். அறைக்குள் பீர் உடைத்தார்கள். மழையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எனக்கும் இல்லை, க்ளைட் என்னை வாசலுக்குக் கூப்பிடும்வரை. ஓட்டிஸும் வந்து நின்றார். க்ளைட்டின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"முடியாதுப்பா. மூணாந் தளத்துல முழங்கால் தண்ணி. ஆட்டத்தை ரத்து பண்றேன்."

"சரி, பண்ணிக்கோ. எங்களுக்கு இதுல ஜெயிச்சாலும் ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான்" என்றார் ஓட்டிஸ்.

க்ளைட் என்னைத்தான் பார்த்தார். "அஞ்சு இன்னிங்ஸ் ஆகல, லெஸ்டர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அஞ்சு இன்னிங்ஸ் முடியாமல் மழையில் நின்றால் அது ஆட்டமே இல்லை. ரன் இல்லை, அவுட் இல்லை, எவனும் எதையும் வீசவில்லை. அத்தனையையும் அழித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி அது. சந்தோஷத்தில் எங்கள் ஒருத்தனுக்கும் நினைவுக்கு வரவில்லை.

"நாளைக்கு ஆடிக்கறோம். மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம் க்ளைட். எங்க செலவுல இங்கயே தங்கறோம்" என்றேன்.

"சீசன் இன்னியோட முடிஞ்சுது. நாளைக்கு ஏது?"

"அப்ப இப்பவே ஆடறோம். சேத்துல ஆடறோம். ஒண்ணரை இன்னிங்ஸ்தானய்யா, அவங்களும் சரிம்பாங்க. ரக்கரையே கேளு, அவனே சரிம்பான்!"

"ஒருத்தன் காலு உடைஞ்சா நீ பதில் சொல்லுவியா?" க்ளைட் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. "மன்னிச்சுக்கோ. நானும் அவன் வீசினதைப் பின்னாடி நின்னு பாத்தவன்தான்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உள்ளே போய் நான்தான் சொன்னேன். ஓட்டிஸ் என் பின்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பீர் டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கார்வின் வாளிக்குள் கையை வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்பிடியோதான் முதலில் பேசினான். "இருங்க, இருங்க. எல்லாரும் எழவு விழுந்த மாதிரி உக்காராதீங்க. இந்த ஆட்டம் நடக்கலேன்னுதான சொல்றாங்க? அப்ப நாம எத்தனை ஆட்டம் ஆடியிருக்கோம்? தொண்ணூத்தொம்போது! அத்தனை இன்னிங்ஸ் வீசினா போதும்ல? நூறு வேணாம்ல?"

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. யாரோ "ஆமாடா!" என்று கத்தினான். ஓட்டிஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கார்வின் தலையை மெல்ல ஆட்டினான். அவன் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான்.

"தொண்ணூத்தெட்டு" என்றான். "அதுக்கு மேல ரெண்டு ஆளு."

எல்பிடியோ விரலை மடக்கிப் பார்த்தான். "அப்ப..."

"ஒரு ஆள் கொறச்சல்."

எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை, எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், அடுத்து வந்த அந்தச் சோப்ளாங்கி. யாரும் ஓட்டிஸைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பார்த்ததைவிடக் கேவலமாக இருந்தது. அவர் குளிக்கிற இடத்துக்குள் உடுப்போடு போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கு அறுபத்தாறு வயது. அந்த மனுஷன் செய்தது பாவமா? அன்பாகச் செய்ததுதான். அதனால்தான் அவரைத் திட்டக்கூட எங்களுக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கார்வின் பக்கத்தில் நான். அவன் வலது கை மடியில் யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. பாதி வழியில் மழை விட்டு, சோளக்காட்டுக்கு மேலே வெயில்கூட எட்டிப் பார்த்தது. அந்த வெயிலைக் கண்டதும் கல்லெடுத்து அடிக்கலாம் போல எனக்கு வந்தது.

"லெஸ்" என்றான்.

"சொல்லுடா."

"அந்தக் கடைசிப் பந்து. இன்னிக்கு. நல்லா எறங்குச்சுல்ல?"

"நான் பிடிச்சதுலயே அதான் ஒசத்தி."

"ம்" என்றான். "நீயும் அடிக்க வந்தவனும்தான் பாத்தீங்க." பிறகு தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம். பஸ் எங்கள் மைதானத்து வாசலில் திரும்பியபோதுதான் பார்த்தேன், வண்டி நிறுத்துமிடம் நிறையக் கூட்டம். வானொலிக்காரன் செய்த வேலை. நாலாவது ஆள் அவுட் ஆனதும் நூறு நூறு என்று ஊரைக் கூட்டிவிட்டான். மழையில் ஆட்டம் நின்றதும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போல்கா இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு தாளில் '100' என்று பெரிசாக எழுதி யாரோ கம்பில் கட்டிப் பிடித்திருந்தார்கள். விஷயம் தெரிந்த கிழவர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மற்றவர்களிடம் சொல்ல அவர்களுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஓட்டிஸ் எழுந்திருக்கவில்லை. டிரைவருக்குப் பின் இருக்கையில், ஈரச் சட்டையோடு, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கார்வின் அவரைத் தாண்டும்போது நின்றான். நல்ல கையை அவர் தோளில் ஒரு கணம் வைத்தான். கிழவர் தலையைத் திருப்பவில்லை.

கதவு திறந்தது. தட்ட ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை தட்டிய அதே தட்டு, விசில், வண்டி ஹாரன். தட்டாதீங்கடா, உங்க கையில கட்டி முளைக்க, நிறுத்தித் தொலைங்கடா என்று எனக்கு உள்ளே கத்தியது. கார்வின் படியில் நின்றான். தொப்பியை எடுக்க வலது கை அரையடி உயர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. இடது கையால் கழற்றினான். உயர்த்தினான். எங்கள் ஆட்களுக்கு அது பிறவிப் பழக்கம். தட்டினால் தொப்பி தானாக ஏறும்.

லோர்னாதான் முதலில் நிறுத்தினாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். நான் அவனுக்குப் பின்னால், இரண்டு மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு.

"கெடைச்சுதா இல்லையா?"

"இல்ல."

"வானொலியில சொன்னானே..."

"மழை, லோர்னா. ஆட்டத்தையே அழிச்சுட்டாங்க. வெறும் மழைதான்."

அவன் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து ஓட்டிஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

லோர்னா திட்டுவாள், ஜல்லிக் கிடங்கை நினைவுபடுத்துவாள் என்று பயந்தேன். அவள் அவன் சட்டையின் மேல்பட்டனைச் சரிசெய்தாள். சுற்றிலும் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"போகட்டும் விடு" என்றாள். "வெள்ளிக்கிழமை நடந்துச்சே, ஊரே எந்திரிச்சு நின்னுச்சே. அது ஒண்ணு போதும் எனக்கு. அதை எந்த மழையாலயும் அழிக்க முடியாதுல்ல?"

"முடியாது" என்றான் கார்வின்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் ஜல்லிக் கிடங்குக்குப் போய்விட்டான். நான் என் சாமான்களை எடுக்க மைதானத்துக்குப் போனபோது கடைசிப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ரக்கர் மேலே. கோட்டுக்குக் கீழே ஹோலப்.